பழைய துப்பாக்கிக்கு நியாய விலை காணும் முறை

பயன்படுத்திய துப்பாக்கி ஒன்று கைமாறும்போது, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்த செய்திகள் ஒரே அளவாக இருப்பதில்லை. அதன் குழல் வழியே ஏறத்தாழ எத்தனை தோட்டாக்கள் சென்றன, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, ஈரமான உறைக்குள் எத்தனை மாதம் கிடந்தது என்பவை விற்பவருக்குத் தெரியும். அந்த மாடலில் எந்த ஆண்டுத் தயாரிப்பைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள் என்பதோ பல வேளைகளில் வாங்குபவருக்கு மட்டுமே தெரியும். நான் இங்கே நியாய விலை என்று குறிப்பிடுவது, இருவரும் தமக்குத் தெரிந்த அனைத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்ட பிறகும் இருவரும் ஏற்கக்கூடிய விலையைத்தான். மறைத்து வைத்த ஒரு செய்தியால் கூடிய விலையும், மறைத்து வைத்த ஒரு செய்தியால் குறைந்த விலையும், இரு தரப்பும் சிரித்த முகத்துடன் கைகுலுக்கிப் பிரிந்திருந்தாலும், நியாய விலை ஆகா.

விலையைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் ஒன்றை முடித்துவிட வேண்டும். சட்டப்படி விற்கத் தகாத துப்பாக்கிக்கு விலை என்பதே கிடையாது. விற்பவரின் உரிமம், வாங்குபவரின் உரிமம், அந்த வகைத் துப்பாக்கியை அவர் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பது, உரிமம் பெற்ற வணிகர் வழியாகவோ அதிகாரியின் முன்னிலையிலோ மாற்றிப் பதிய வேண்டுமா என்பது ஆகியவை நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இவற்றை இருவரும் தனித்தனியாக உறுதி செய்துகொள்ள வேண்டும். வரிசை எண் தேய்க்கப்பட்டோ, திருத்தப்பட்டோ, மேலே வேறு எண் அடிக்கப்பட்டோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விலகிவிட வேண்டும். திருட்டுப் பொருள்களின் பதிவில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்க வழியிருக்கும் இடங்களில் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். எண்ணைக் காட்டவே தயங்கும் விற்பனையாளரிடம் பேரம் பேச எதுவும் இல்லை.

சட்டமே விலையை மாற்றுவதும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கிகளைத் தொன்மையானவை என்று தனியாக வைத்திருக்கிறது. அதனால் ஒரே மாடலில், பார்வைக்கு வேறுபாடே இல்லாத இரண்டு ரைஃபிள்களுள், அந்த எல்லைக்கு முன் செய்யப்பட்டதற்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. பிரிட்டனில் 1868ஆம் ஆண்டின் குழல் சோதனைச் சட்டப்படி, குழல் வெடியழுத்தத்தைத் தாங்கும் எனச் சோதித்து அடிக்கும் உரிய முத்திரை இல்லாத துப்பாக்கியையோ, தேய்ந்து முத்திரையின் அளவை மீறிவிட்ட துப்பாக்கியையோ விற்பது குற்றம். ஆகவே அங்கே குழலின் உட்தேய்மானம் விலையைக் குறைப்பதோடு நிற்காமல், விற்பனையையே நிறுத்தக்கூடும்.

கையில் இருப்பது எது என்று துல்லியமாக அறிதல்

நிறுவனத்தின் பெயரும் மாடல் பெயரும் மட்டும் தெரிந்தால் விலை காண முடியாது. தோட்டா அளவு, குழல் நீளம், தயாரித்த ஆண்டு, அந்த ஆண்டின் உள் வேறுபாடு ஆகிய நான்கும் தெரிய வேண்டும். வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1964ஆம் ஆண்டில் அந்நிறுவனம் செலவைக் குறைப்பதற்காக அதன் வடிவமைப்பை மாற்றியது. தோட்டாவை அகன்ற கொக்கியால் பற்றிக்கொண்டு அறைக்குள் செலுத்திய பழைய அமைப்பு போய், வெறுமனே தள்ளிச் செலுத்தும் அமைப்பு வந்தது; கட்டையில் (தோளிலும் கையிலும் தாங்கும் மரப்பகுதியில்) வெட்டிச் செதுக்கிய கோடுகளுக்குப் பதிலாக அழுத்திப் பதித்த கோடுகள் வந்தன. அன்றுமுதல் 1964க்கு முந்தையவற்றுக்கு ஒரு விலை, பிந்தையவற்றுக்கு வேறு விலை. ஆனால் பல்லாண்டுகள் கழித்து அந்நிறுவனமே கொக்கி அமைப்பை மீண்டும் கொண்டுவந்தது. எனவே பழையது உயர்வு, புதியது தாழ்வு என்ற ஒற்றை விதியை வைத்துக்கொண்டு மதிப்பிடுபவர் இரு பக்கமும் தவறுவார். பெரும்பாலான நிறுவனங்களின் வரிசை எண்களைக் கொண்டு தயாரிப்பு ஆண்டை அறியலாம். சில நிறுவனங்கள், குறிப்பாகக் கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸனும், கட்டணம் பெற்றுக்கொண்டு தம் பதிவேட்டிலிருந்து ஒரு துப்பாக்கி எந்த நாளில் எந்த வடிவில் அனுப்பப்பட்டது என்று சான்றுக் கடிதம் தரும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. விலை உயர்ந்த பழைய ரிவால்வர் என்றால் அந்தக் கடிதத்துக்கான செலவு வீணாகாது.

பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட மாடலா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். ரெமிங்டன் நிறுவனம் 2014இல் எக்ஸ்-மார்க் ப்ரோ விசை பொருத்திய ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தது. சிக் சாவர் நிறுவனம் 2017இல் பி320 கைத்துப்பாக்கிக்கு இலவச மேம்பாடு அறிவித்தது. அத்தகைய துப்பாக்கியில் அந்த வேலை செய்யப்பட்டுள்ளதா என்பதற்குச் சான்று இருந்தால் சந்தை விலை பேசலாம். இல்லையென்றால் விலைக்கு முன் பாதுகாப்பைத்தான் பேச வேண்டும். சேகரிப்பாளர் சந்தையில் ஒரு விசித்திரமும் உண்டு. ரூகர் நிறுவனம் 1953க்கும் 1972க்கும் இடையே செய்த பழைய ஒற்றைச் செயல் ரிவால்வர்களுக்கு (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் பின்னிழுத்துச் சுட வேண்டியவை), கீழே விழுந்தால் வெடிக்காதபடி காக்கும் பாகங்களை இலவசமாகப் பொருத்தித் தந்து, கழற்றிய மூலப் பாகங்களையும் உரிமையாளருக்கே திருப்பி அனுப்புகிறது. சுடுவதற்கு வாங்குபவருக்கு மாற்றம் செய்யப்பட்டதே சரியானது. சேகரிப்பாளரோ மாற்றப்படாததற்கும், அல்லது மூலப் பாகங்கள் சிறு பையில் உடன் வருவதற்கும் கூடுதலாகக் கொடுப்பார். அந்தப் பையைத் தொலைத்தவர் தம் பணத்தில் ஒரு பகுதியைத் தொலைத்தவர்.

நிலையைச் சோதித்தல்

கையில் எடுத்தவுடன் குழல் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்றி, தோட்டா அறையைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் காலியா என்று பார்க்க வேண்டும். விற்பவர் காலி என்று சொல்லியிருந்தாலும், அவரே ஒரு நொடிக்கு முன் உங்கள் கண்ணெதிரில் பார்த்திருந்தாலும், நீங்களும் பார்க்க வேண்டும். தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஏனெனில் தோட்டாவின் அடி விளிம்பில் அடிபடும் .22 வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் அப்படிச் செய்தால், தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் அடியூசி தோட்டா அறையின் விளிம்பைச் சேதப்படுத்தும். ரிவால்வரின் உருளையை மணிக்கட்டைச் சுண்டி மூடுவது அதைத் தாங்கும் உலோகக் கையை வளைத்துவிடும். விலை பேச வந்த இடத்தில் பொருளின் மதிப்பைக் குறைத்துவிட்டுப் போகக்கூடாது.

முதலில் குழலின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். தோட்டா அறையைப் பின்புறம் மூடும் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து விளக்கொளி பாய்ச்சிப் பார்த்தால் உட்புரிகள் (குண்டைச் சுழலச் செய்யும் திருகு வரிகள்) கூர்மையாக நிற்கின்றனவா, மழுங்கிவிட்டனவா, அரிப்புக் குழிகள் உள்ளனவா என்பது தெரியும். எண்ணெய் தடவிய குழல் எல்லாவற்றையும் பளபளப்பாகக் காட்டும் என்பதால், உலர்ந்த துணியை ஒருமுறை செலுத்திவிட்டுப் பார்ப்பதே முறை. பழைய இராணுவ ரைஃபிள்களில் குழிகள் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. முற்காலத் தோட்டாக்களின் தீமூட்டிகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகக் குழலில் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கச் செய்தது. அன்றே நீரால் கழுவாத குழல்களில் அந்தத் தடம் என்றென்றைக்கும் நிற்கிறது. புரிகள் வலுவாக இருந்தால் இலேசான கருமை துல்லியத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் குழல் வாய் தேய்ந்திருந்தால் கெடுக்கும். முன்பக்கமிருந்தே துப்புரவுக் கோலைச் செலுத்திய பழக்கத்தால் வாயருகே புரிகள் நீள்வட்டமாகத் தேய்ந்த ரைஃபிள்கள் ஏராளம். வாயைச் சிறிது வெட்டிச் சீராக்கலாம் என்றாலும், அந்தச் செலவும், மூல நீளம் போன இழப்பும் விலையில் ஏற வேண்டும்.

அடுத்து, போல்ட் மூடிய நிலையில் அதன் முகப்புக்கும் தோட்டா தங்கும் இடத்துக்கும் இடையேயான தூரம். இது வரம்பை மீறினால் தோட்டாவின் உறை கிழிந்து வாயு பின்னோக்கி வரக்கூடும். கண்ணால் இதை அறிய முடியாது. அதற்கென்றே உள்ள அளவுக் கட்டைகளைக் கொண்டுதான் பார்க்க முடியும். போல்ட்டின் எண்ணும் ரைஃபிளின் எண்ணும் பொருந்தாத பழைய இராணுவ ரைஃபிளை இந்தச் சோதனையின்றி வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும் சோதனைக் கட்டணத்தை வாங்குபவர் ஏற்பதும், பாதுகாப்புக் குறை வெளிப்பட்டால் விற்பவர் விலையைக் குறைப்பதோ விற்பனையைக் கைவிடுவதோ இருவருக்கும் பொதுவான ஏற்பாடாக இருப்பதும் நல்லது.

ரிவால்வரில் பார்க்க வேண்டியவை வேறு. சுத்தியலை மிக மெதுவாகப் பின்னிழுக்கும்போது, அது முழுமையாகப் பின் செல்வதற்குள் உருளை தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக இதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஓர் அறை மட்டும் பிந்துவது உண்டு. உருளைக்கும் குழலின் பின்வாய்க்கும் உள்ள இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கும். இடைவெளி இதைவிட மிகுந்தாலும், உருளை முன்னும் பின்னும் ஆடினாலும், அதிக அழுத்தத் தோட்டாக்கள் நிறையச் சுடப்பட்டுள்ளன என்று கொள்ளலாம். குழலின் பின்வாயில் மயிரிழை விரிசல் உள்ளதா என்று உருப்பெருக்கியால் பார்ப்பது அவசியம். விரிசல் இருந்தால் அது சுடத் தகாத துப்பாக்கி.

இரட்டைக்குழல் துப்பாக்கியில் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழல்களையும் பின்பகுதியையும் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தால், பூட்டு தளர்ந்திருப்பது கைக்குத் தெரியும். மேல் நெம்புகோல் புதிதில் நடுவிலிருந்து சற்று வலப்புறம் நிற்கும்; பூட்டு தேயத் தேய அது இடப்புறம் நகரும். நடுவைத் தாண்டிவிட்டதென்றால் சரிசெய்யும் செலவை இப்போதே கணக்கில் கொள்ள வேண்டும். கழற்றிய குழல்களைத் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினால் தெளிவான ஒலி வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. பழையவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டராகவும், இன்று எளிதாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீட்டராகவும் இருக்கக்கூடும். நீண்ட தோட்டா குறுகிய அறைக்குள் நுழைந்துவிடும், ஆனால் அதன் உறையின் வாய் விரிய இடமின்றி அழுத்தத்தை உயர்த்தும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விற்பது விலைக் குற்றம் மட்டுமன்று, உயிருக்கே ஆபத்தானது.

மேகசின் வைத்த கைத்துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுடும்போது பின்சென்று திரும்பும் மேல்பகுதியான ஸ்லைடு ஓடும் தடங்கள், தோட்டாவைப் பிடிக்கும் மேகசின் உதடுகள், சுருள்வில் ஆகியவற்றைப் பாருங்கள். சுருள்வில் மலிவாக மாற்றக்கூடியது. மூல மேகசின்கள் எத்தனை உடன் வருகின்றன என்பதுதான் பல மாடல்களில் விலையை நகர்த்துகிறது, ஏனெனில் நிறுத்தப்பட்ட மாடல்களுக்கு அவை தனியாகக் கிடைப்பது அரிது.

சுடுபவரின் விலையும் சேகரிப்பாளரின் விலையும்

ஒரே துப்பாக்கிக்கு இரண்டு சந்தைகள் உண்டு. சுடுபவர் அது என்ன செய்யும் என்பதற்குப் பணம் தருகிறார். சேகரிப்பாளர் அது தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்தபடி எந்த அளவுக்கு இருக்கிறது என்பதற்குப் பணம் தருகிறார். இந்த இரண்டையும் கலந்துகொள்வதால்தான் பெரும்பாலான விலைப் பிழைகள் நேர்கின்றன. வேட்டைக்காரர் ஒருவர் பழைய இராணுவ ரைஃபிளின் கட்டையைக் குறைத்து, மேலே துளையிட்டு, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பொருத்திச் செலவழித்திருப்பார். அவர் செய்த ஒவ்வொரு வேலையும் சுடுபவருக்கு ஓரளவு பயன்படும். சேகரிப்பாளரைப் பொறுத்தவரை ஒவ்வொரு துளையும் இழப்பு. செலவழித்த தொகையைப் பழைய விலையோடு கூட்டிக் கேட்பவர் வருத்தப்படத்தான் நேரும்.

மேற்பூச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எஃகின் மேலுள்ள நீலப்பூச்சு குழல் வாயருகிலும், உருளையின் விளிம்பிலும், கை படும் இடத்திலும் தேய்வது இயல்பு. அப்படித் தேய்ந்தது நேர்மையான பயன்பாட்டின் அடையாளம். மாறாக, மீண்டும் பூசப்பட்ட துப்பாக்கி முதற்பார்வைக்குப் புதிதுபோல இருக்கும். கூர்ந்து பார்த்தால் விளிம்புகள் உருண்டிருக்கும், எழுத்துகள் மங்கியிருக்கும், திருகாணித் துளைகளின் ஓரம் குழிந்திருக்கும், அரிப்புக் குழிகளுக்குள்ளும் நீலம் படிந்திருக்கும். சேகரிக்கத் தக்க துப்பாக்கியில் இப்படிப் புதுப்பித்த வேலை மதிப்பைப் பாதியாகவே குறைத்துவிடக்கூடும். சாதாரணமாகச் சுடுவதற்கான துப்பாக்கியில் அது பெரிய பாதிப்பன்று. ஆகவே புதுப்பிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு விற்பவர் நேரான விடை சொல்ல வேண்டும். தமக்கே தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும்.

பாகங்களின் எண் பொருத்தமும் இதைச் சேர்ந்ததே. ஜெர்மனியின் லூகர் பி08 கைத்துப்பாக்கியில் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் சிறு பாகங்கள் பலவற்றிலும் அடிக்கப்பட்டன. எல்லாம் பொருந்தியிருப்பது ஒரு விலை. ஒரே ஒரு பாகம் மாறியிருப்பதும் அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலை. அத்தகைய துப்பாக்கிகளில் போலி முத்திரைகளும் போலி எண்களும் தாராளமாக உலவுகின்றன. இன்ன தளபதி வைத்திருந்தது, இன்ன போரில் பயன்பட்டது என்ற கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், அந்த வரிசை எண்ணையும் அந்த மனிதரையும் இணைக்கும் அக்கால ஆவணம் இல்லையென்றால் கதைக்கு விலை சேர்க்கக்கூடாது.

நிலையைக் குறிக்கும் சொற்களிலும் கவனம் தேவை. அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தர அளவைப் பலர் பின்பற்றுகிறார்கள். அதில் தொன்மையான துப்பாக்கிகளுக்கு மூலப் பூச்சு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மிகச் சிறந்த நிலை என்றும், 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்கடுத்த நிலை என்றும் வகுத்திருக்கிறார்கள். அதே அளவில் நல்லது என்ற சொல், சில இடங்களில் இலேசான அரிப்பும், மறுபூச்சும்கூட இருக்கக்கூடிய தரத்தைக் குறிக்கிறது. நவீனத் துப்பாக்கிகளுக்கான அளவில் நல்லது என்றால் பாதுகாப்பாகச் செயல்படும், தேய்மானம் சிறிது உண்டு என்றே பொருள். நாம் அன்றாடம் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பொருளில் அதை எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் நேரும். தரச் சொல்லைவிட, பூச்சு எத்தனை சதவீதம் இருக்கிறது, எங்கே கீறல், எங்கே குழி என்று இடம் சுட்டி எழுதுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

சந்தை விலையைத் தேடுதல்

கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஆறு மாதமாக விற்காமல் கிடக்கும் விளம்பரத்தில் உள்ள தொகை, அந்த விலைக்கு வாங்க ஆளில்லை என்பதற்கே சான்று. ஆகவே முடிவடைந்த ஏலங்களையும், விற்பனை நிறைவேறியதாகப் பதிவான தொகைகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்கியவர் தனியாகக் கட்டணம் கட்டியிருப்பார். விற்றவர் கையில் தரகு போகக் குறைவாகவே வந்திருக்கும். மூன்றில் எந்தத் தொகையை நீங்கள் எடுத்தாள்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அதே மாடல், அதே தோட்டா அளவு, நெருங்கிய ஆண்டு, ஒத்த நிலை ஆகிய நான்கும் பொருந்தும் விற்பனைகள் ஐந்தாறு கிடைத்தால், மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு எஞ்சியவற்றின் நடுவைப் பாருங்கள். ஏலத்தில் இருவர் பிடிவாதமாகப் போட்டியிட்டதால் எகிறிய ஒற்றைத் தொகையைச் சந்தை விலை என்று பிடித்துக்கொள்ளும் விற்பவர்களை அடிக்கடி காண்கிறோம்.

அந்தப் பதிவுகளின் காலமும் முக்கியம். 2020இல் அமெரிக்காவில் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் தேவை திடீரென உயர்ந்து, கடைகளில் புதியவை தட்டுப்பாடாகின. அத்தகைய காலத்தின் விற்பனைத் தொகையை அமைதியான காலத்துக்குப் பொருத்தக்கூடாது. வேட்டைப் பருவத்துக்குச் சற்றுமுன் வேட்டை ரைஃபிள்களின் விலை ஏறுவதும், பருவம் முடிந்ததும் இறங்குவதும் இயல்பு. நிறுத்தப்பட்ட மாடலை நிறுவனம் மீண்டும் தயாரிக்கத் தொடங்குவதும் கணக்கை மாற்றும். 1955இல் வந்த கோல்ட் பைத்தான் ரிவால்வரின் உற்பத்தி நின்றபின் பழையவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. 2020இல் அந்நிறுவனம் அதைப் புது வடிவில் திரும்பக் கொண்டுவந்தபோது, வெறுமனே அதைச் சுட்டுப்பார்க்க விரும்பியவர்களுக்குப் புதியது கிடைத்துவிட்டது. அதன்பின் பழையதற்கு விலை சொல்பவர் சேகரிப்பாளரை மட்டுமே மனத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்.

நடுவிலை கிடைத்ததும் கூட்டலும் கழித்தலும் தொடங்குகின்றன. ஒரு வேட்டை ரைஃபிளுக்கு மிக நல்ல நிலையில் நடுவிலை 100 பங்கு என்று கொள்வோம். நம் முன்னிருப்பதில் கட்டையின் அடி வெட்டிக் குறைக்கப்பட்டு ரப்பர் வைக்கப்பட்டிருக்கிறது. அது திரும்பாத மாற்றம் என்பதால் 15 பங்கு கழிக்கிறோம். மேகசின் உடைந்திருக்கிறது, புதிது வாங்க ஆகும் 5 பங்கு கழிக்கிறோம். உடன் வரும் ஸ்கோப் புதிதில் 25 பங்கு விலையுடையது. பயன்படுத்திய ஸ்கோப்புகள் பாதி விலைக்கும் கீழே போவது வழக்கம் என்பதால் 10 பங்கு சேர்க்கிறோம். வருவது 90. இந்த எண்ணை ஒரு புள்ளியாகக் கொள்ளாமல் 86 முதல் 92 வரையுள்ள இடைவெளியாகக் கொண்டால் பேரத்துக்கு நேர்மையான இடம் கிடைக்கும். வாங்குபவருக்கு ஸ்கோப் வேண்டாமென்றால் அதைப் பிரித்து விற்பதே இருவருக்கும் நல்லது. மாற்றிப் பதியும் கட்டணம், அனுப்பும் செலவு ஆகியவற்றை யார் ஏற்பது என்பதை விலையோடு சேர்த்தே பேசுங்கள். பின்னர் பேசினால் நியாயமாகக் கண்ட விலையும் சண்டையில் முடியும்.

தோட்டா கிடைக்குமா என்பதும் கழித்தலில் வரும். யாரும் செய்யாத தோட்டாவுக்கான அருமையான ரைஃபிள், தாமே தோட்டா கட்டத் தெரிந்த சிலருக்கு மட்டுமே பயன்படும் என்பதால் அதன் சந்தை குறுகியது. இடக்கைக்காரருக்கான போல்ட் உடையவற்றுக்கும் வாங்குபவர்கள் குறைவு, ஆனால் தேடுபவர் கிடைத்தால் தயங்காமல் கொடுப்பார். அவசரமில்லாத விற்பவர் அவருக்காகக் காத்திருக்கலாம்.

வணிகரிடம் விற்கும்போது

கடையில் நடுவிலையில் பாதி முதல் மூன்றில் இரு பங்கு வரை சொன்னால், உடனே ஏமாற்று என்று கோபப்பட வேண்டியதில்லை. வணிகர் அதைச் சோதித்து, பதிவேட்டில் ஏற்றி, சில வேளை மாதக்கணக்கில் வைத்திருந்து, பின்னர் குறை வந்தால் பொறுப்பேற்று விற்க வேண்டும். அந்தக் குறைந்த தொகைக்கு ஈடாக உங்களுக்குக் கிடைப்பது உடனடிப் பணமும், சட்டப் பொறுப்பிலிருந்து முறையான விடுதலையும். காத்திருக்க முடிந்தவர் கடையிலேயே வைத்து விற்றுத் தரச் சொல்லித் தரகு கொடுக்கலாம். அப்படிச் செய்தால் கையில் வருவது கூடும். ஆனால் எவ்வளவு காலம், குறைந்தபட்ச விலை என்ன, விற்காவிட்டால் கட்டணம் உண்டா என்பவை முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

இறந்தவரின் துப்பாக்கிகள்

நியாயம் என்ற சொல்லுக்கு உண்மையான சோதனை வருவது இங்கேதான். கணவர் விட்டுச்சென்ற துப்பாக்கிகளை வீட்டில் வைத்துக்கொள்ள அஞ்சும் மனைவியோ, அவற்றைப் பற்றி எதுவும் அறியாத பிள்ளைகளோ, முதலில் வருபவர் சொல்லும் தொகையை வாங்கிக்கொண்டு நிம்மதியடைய நினைப்பார்கள். அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, தங்கள் இடத்துச் சட்டப்படி யார் அவற்றை வைத்திருக்கலாம், எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும், எங்கே ஒப்படைத்து வைக்கலாம் என்று கேட்டறிவது. அதன்பின் எதையும் துடைத்து மெருகேற்றாமல், பழைய பெட்டி, ரசீது, கடிதம், உதிரிப் பாகம் எதையும் எறியாமல், இருந்தபடியே வைத்திருக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு எஃகுப் பஞ்சால் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு மாலைப் பொழுது, நூறாண்டு காத்துவந்த மூலப் பூச்சை அழித்துவிடும். மதிப்பிடுபவர் வேறு, வாங்குபவர் வேறாக இருக்க வேண்டும் என்பதை எக்காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கட்டணம் கொடுத்தாவது இருவரிடம் தனித்தனியாக எழுத்தில் மதிப்பீடு வாங்குவது நல்லது.

வாங்குபவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அறியாமையால் மிகக் குறைவாகக் கேட்கப்படும் அரிய துப்பாக்கி உங்கள் கையில் இருந்தால், அதன் பெயரையும் ஏறத்தாழ மதிப்பையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் அறிவுக்கும் உழைப்புக்கும் ஒரு பங்கு கிடைக்க வேண்டும் என்பது நியாயமே. வணிகர் தரும் அளவையாவது நேர்மையாகக் கொடுத்து வாங்குங்கள். இரண்டு வணிகர்கள் தமக்குள் வாங்கி விற்கும்போது அவரவர் அறிவு அவரவர்க்கு என்று சொல்லலாம். துக்க வீட்டில் அந்த வாதம் செல்லாது.

விற்பவர் சொல்ல வேண்டியவை, எழுத வேண்டியவை

நல்ல விலை வேண்டுமென்றால் குறைகளை முதலில் சொல்லுங்கள். விசையை அழுத்தத் தேவையான பலம் குறைக்கப்பட்டிருந்தால், குழல் மாற்றப்பட்டிருந்தால், கட்டையில் விரிசல் ஒட்டப்பட்டிருந்தால், எப்போதாவது தோட்டா சிக்கினால், அவை அனைத்தும் வாங்குபவரின் பாதுகாப்பைத் தொடுபவை. படம் எடுக்கும்போது இயற்கை ஒளியில் இருபக்கத் தோற்றம், குழல் வாய், முத்திரைகள், திருகாணித் தலைகள், மிக மோசமான கீறல் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். குறைகளைக் காட்டும் விளம்பரத்துக்கு அழைப்புகள் குறைவாக வரலாம், ஆனால் வருபவர் வந்த பிறகு விலையை உடைக்கக் காரணம் தேடமாட்டார். தாமே தோட்டா கட்டியவர்கள் அந்தத் தோட்டாக்களைத் துப்பாக்கியோடு விலையேற்றி விற்கக்கூடாது. பிறர் கட்டிய தோட்டாவைச் சுடுவது அறிவுடைய செயலன்று என்பதால் அவற்றின் மதிப்பு உறை உலோகத்தின் மதிப்பே.

பேரத்தில் வாங்குபவர் தம் தொகைக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒத்த விற்பனைகள் இன்ன தொகை, இந்தப் பழுதுக்கு இன்ன செலவு, ஆகவே இது என் விலை என்று சொன்னால் விற்பவர் கணக்கைச் சரிபார்க்க முடியும். இல்லாத குறையைச் சொல்லிக் குறைப்பது பொய். விற்பவர் மறுத்தால் அவரிடம் இருக்கும் சான்றைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

உடன்பட்டபின் ரசீதில் தயாரிப்பு, மாடல், தோட்டா அளவு, வரிசை எண், சொல்லப்பட்ட குறைகள், உடன் தரும் பொருள்கள், தொகை, நாள், இருவரின் உரிம விவரம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். சுடாமல் சோதித்துப் பார்க்க மூன்று நாள் அவகாசம் தருவது பல வணிகர்களிடம் உள்ள வழக்கம்; தனியாரும் அதைக் கடைப்பிடிக்கலாம், சட்டம் திரும்பப் பெற இடம் தரும் இடங்களில். ரசீதில் எழுதாத குறை அந்த அவகாசத்தில் தெரியவந்தால் முழுத் தொகையைத் திருப்பித் தருவது, அல்லது பழுதுபார்ப்பவர் எழுதித் தரும் செலவைக் கழிப்பது, இரண்டில் எது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். பதிவு மாற்றம் உறுதியாகும்வரை முழுத் தொகையைக் கைமாற்றாமல் உரிமம் பெற்ற வணிகரிடம் வைத்திருக்கச் செய்வது, முன்பின் அறியாதவர்களுக்கு இடையிலான விற்பனையில் சரியான ஏற்பாடு.